அத்தை போட்ட மனு

என் தம்பி அமெரிக்காவில் இருக்கிறான், நான் அம்பாசமுத்திரத்தில் இருக்கிறேன். அமெரிக்காவில் சிட்டிசன் ஆன அத்தை, தன் அண்ணனான எங்கள் அப்பாவை அங்கே குடியேறக் கூப்பிட்டு 2005ல் போட்ட ஸ்பான்சர் மனுவில் அப்பா, அம்மா, நான், தம்பி என்று நாலு பேருமே சேர்த்திதான். போன மாதம் சேரன்மகாதேவியில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், தூரத்துச் சித்தப்பா ஒருவர் மகனுக்கு சிட்டிசன்ஷிப் கிடைத்த சந்தோஷத்தில், "இனி என்ன, அவன் தங்கச்சி குடும்பமும் பின்னாடியே போயிரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு விளக்க ஆரம்பித்தேன், அதற்குள் பாயசம் வந்துவிட்டது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

சிட்டிசன் ஆன பிள்ளை (21 வயது ஆகியிருக்க வேண்டும்) பெற்றோரைக் கூப்பிடுவது ஒரு கதை, கூடப்பிறந்தவர்களைக் கூப்பிடுவது முற்றிலும் வேறு கதை. பெற்றோருக்கு எண்ணிக்கை வரம்பே கிடையாது. எங்கள் ஆச்சி அப்படித்தான் சீக்கிரமே போனாள். ஒரு பனிக்காலம் முழுக்க ஜன்னல் சாத்திய வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டு, "பேச்சுத்துணைக்கு ஒரு ஆள் இல்ல, வாசல்ல உட்கார முடியல" என்று திரும்பி வந்தவள் பிறகு போகவே இல்லை, கிரீன் கார்டும் அதோடு போச்சு. அண்ணன் தம்பி அக்கா தங்கைக்கான வரிசையிலோ உலகம் முழுவதற்குமே வருஷத்துக்கு 65,000 விசாதான், அதுவும் அவரவர் மனைவி, கணவன், பிள்ளைகளையும் சேர்த்து. எந்த ஒரு நாட்டுக்கும் மொத்தத்தில் 7 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது இன்னொரு கட்டு. இந்தியாவிலிருந்து எத்தனை பேர் வரிசையில் நிற்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மனு 2009ல் அப்ரூவ் ஆனது. அன்றைக்கு வீட்டில் நடந்ததைப் பார்த்தால் நாங்கள் மறுநாளே விமானம் ஏறப்போகிறோம் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள், தெரு முழுக்க லட்டு கொடுத்தார் அப்பா. அப்ரூவல் என்றால் "இவர் அவருடைய அண்ணன்தான், ஒத்துக்கொள்கிறோம்" என்பது மட்டும்தான், விசா வேறு. மனு போட்ட தேதிதான் வரிசையில் நம் இடம், அதற்குப் பெயர் பிரையாரிட்டி டேட். மாதாமாதம் அமெரிக்க வெளியுறவுத்துறை விசா புல்லட்டின் என்று ஒரு அட்டவணை போடுகிறது, நம் தேதி அதில் வந்தால்தான் மேற்கொண்டு பேச்சு. சில மாதம் நகரும், பல மாதம் அப்படியே நிற்கும், ஒரேயடியாகப் பின்னாலும் போகும். எங்களுக்கு வந்தது 2023ல்.

நடுவில் அந்த வருஷங்களை எப்படி ஓட்டினோம் என்பதுதான் எனக்கு ஆறவே ஆறாத விஷயம். வீட்டுக்கு மாடி எடுப்பதற்காகத் தளத்தின் நாலு மூலையிலும் கம்பி விட்டிருந்தார்கள். கொத்தனார் வந்து கேட்கும்போதெல்லாம் அப்பா சொல்லும் பதில், "போறவனுக்கு எதுக்குவே மாடி?" கம்பி துருப்பிடித்து, மழை பெய்தால் செங்காவித் தண்ணீர் சுவரில் கோடு கோடாக இறங்கும். ஆற்றுப்பாசனத்தில் பக்கத்து வயல் நல்ல விலைக்கு வந்தது, வாங்கவில்லை. நன்றாக ஓடிய உரக்கடையைப் பெரிதாக்கவும் இல்லை. அத்தைக்கு பைபாஸ் ஆபரேஷன் நடந்தபோது எங்கள் வீட்டில் கும்பிட்ட கும்பிடில் பாதி அத்தைக்கு, பாதி ஃபைலுக்கு. ஏனென்றால் மனு போட்டவர் இடையில் இறந்துவிட்டால் மனுவும் செத்த மாதிரிதான், கருணை அடிப்படையில் கேட்டுப் பார்க்கலாம், கிடைத்தால் உண்டு.

அப்புறம் என் கல்யாணம். பிள்ளைகள் பெற்றோரோடு சேர்ந்து போக வேண்டுமென்றால் கல்யாணம் ஆகாமல் இருக்க வேண்டும், 21 வயதுக்குள்ளும் இருக்க வேண்டும். டவுனில் ஒரு ஏஜென்ட் முதல் பாதியை மட்டும் சொல்லி, "அண்ணாச்சி, பிள்ளைக்குக் கல்யாணம் மட்டும் பண்ணிராதீங்க, எத்தனை வயசானாலும் கூட்டிட்டுப் போயிரலாம்" என்று காசு வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார். வந்த வரன்களையெல்லாம் அம்மா திருப்பி அனுப்பினாள். "ஏட்டி, அமெரிக்கா போற பிள்ளைக்கு இங்கன எதுக்கு மாப்பிள்ள?" ஊரார் இதற்குள் அத்தை மகனையும் என்னையும் வைத்து ஒரு கதை கட்டியிருந்தார்கள், முறைப்பையன் ஆயிற்றே. அவருக்குச் சங்கதியே தெரியாது. கடைசியில் நானே அந்த அட்டவணையை எடுத்து வைத்து, எத்தனை வருஷத்தில் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்து, இது ஆகிற காரியம் இல்லை என்று சொல்லிக் கல்யாணம் செய்துகொண்டேன்.

இந்த 21க்கு ஒரு சலுகை உண்டு, 2002ல் வந்த சட்டம். தேதி வரும்போது பிள்ளைக்கு என்ன வயதோ, அதிலிருந்து மனு அப்ரூவலுக்காகக் கிடந்த காலத்தைக் கழிக்கலாம். எங்கள் மனு நாலு வருஷம் கிடந்தது. 2023ல் தம்பிக்கு 21, நாலைக் கழித்தால் 17. தப்பித்தான். எனக்கு 28, நாலைக் கழித்தால் 24. கல்யாணமே ஆகாமல் காத்திருந்தாலும் என்னை விட்டுவிட்டுத்தான் போயிருப்பார்கள். இந்தக் கழித்தல் கணக்கை அந்த ஏஜென்ட் ஒரு தடவைகூட எங்களுக்குப் போட்டுக் காட்டவில்லை.

காகித வேலை பற்றி ஒன்று மட்டும். அப்பாவின் பிறப்புப் பதிவில் பெயரே கிடையாது, "ஆண் குழந்தை" என்று மட்டும் இருக்கும், அந்தக் காலத்தில் பாதிப் பேருக்கு அப்படித்தான். தாத்தா பெயர் அத்தையின் சான்றிதழில் சாதிப் பட்டத்தோடு, அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் அது இல்லாமல். இரண்டு பேருக்கும் தகப்பன் ஒருவர்தான் என்று அமெரிக்காக்காரனுக்கு நிரூபிக்க, பெரிய ஆச்சி முத்திரைத்தாளில் இடது பெருவிரலை உருட்டி வைத்தாள். வைத்துவிட்டு, "இவன் பொறந்தப்ப தொப்புள்கொடி அறுத்தவளே நாந்தான, அது போதாதாக்கும்?" என்று கேட்டாள். உடன்பிறந்தவர் மனுவுக்கு அஸ்திவாரமே இந்தக் காகிதங்கள்தான், சாட்சி சொல்லப் பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.

தேதி வந்த பிறகு வேலை மளமளவென்று நடந்தது. அத்தை அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டதால் அவர் வருமானம் பத்தவில்லை. குடும்பத் தலைக்கணக்குப்படி அமெரிக்க வறுமைக்கோட்டுத் தொகையில் 125 சதவீதம் வருமானம் காட்ட வேண்டும், அத்தை மகன் இணை ஸ்பான்சராகக் கையெழுத்துப் போட்டார். அது சும்மா கையெழுத்து இல்லை, போனவர்கள் சிட்டிசன் ஆகும்வரை, அல்லது ஏறத்தாழ 10 வருஷ உழைப்புக் கணக்கு சேரும்வரை, சட்டப்படி அவர் தலையில்தான் பொறுப்பு. இங்கிருந்து போகிற குடும்பம் அதைத் தெரிந்துகொண்டுதான் கையெழுத்துக் கேட்க வேண்டும். தாதர் ரயிலேறி மும்பையில் மெடிக்கல், இன்டர்வியூ எல்லாம் முடித்து 2024ல் மூன்று பேரும் போனார்கள். அப்பாவுக்கு அறுபதைத் தாண்டிய வயது, அங்கே ஒரு கடையில் சரக்கு அடுக்குகிறார். 65 ஆனாலும் 5 வருஷம் அங்கே குடியிருந்தால்தான் மெடிகேர் என்கிற அரசு மருத்துவக் காப்பீட்டில் காசு கட்டியாவது சேர முடியும், அதுவரை மருத்துவக் காப்பீட்டுச் செலவு தம்பி தலையில். இதையெல்லாம் 2005ல் யாரும் பேசவில்லை.

மனு போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். வயலை வாங்குங்கள், மாடியைக் கட்டுங்கள், பிள்ளைக்கு வரன் வந்தால் பாருங்கள்.

போன வாரம் அப்பா போனில் கேட்டார், "நான் சிட்டிசன் ஆனதும் உனக்குப் போட்டு வைக்கட்டுமாம்மா?" கல்யாணமான பிள்ளைகளுக்கும் தனி வரிசை உண்டு, சிட்டிசன் மட்டும்தான் போட முடியும். 2025 கடைசியில் இந்தியாவுக்கு அந்த வரிசை 2011ல் போட்ட மனுக்களிலேயே நின்றது. அவர் 2029ல் போடுகிறார் என்றே வைத்துக்கொள்வோம், 14 வருஷம் பிடித்தால் 2043. என் மகள் பிறந்தது 2022. "போடுங்கப்பா, ஃபீஸ் மட்டும் நீங்க கட்டுங்க" என்றேன்.