கோவையில் இன்னும் இருட்டவில்லை

மார்ச் மாதக் கடைசி. மாலை 6.20. "பொழுது சாய்ந்தாயிற்று, விளக்கேற்றும் நேரம்" என்று எங்கள் வானொலித் தொகுப்பாளர் சொல்லி வாய்மூடவில்லை, எங்கள் கோவை நிலையத்திலிருந்து தொலைபேசி. "அண்ணா, இங்கே எதிர்ச் சுவரில் இன்னும் வெயில் இருக்கிறதுங்க" என்றார் அங்கிருந்த தம்பி.

சென்னை கிழக்கு நெடுங்கோட்டில் 80.27 பாகையில் இருக்கிறது, கோவை 76.96 பாகையில். பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்கிட்டால் சூரியன் அங்கே ஏறத்தாழ 13 நிமிடம் தாமதமாக மறைகிறது. கடிகாரம் எல்லா ஊருக்கும் ஒன்றுதான், பொழுது ஒன்றல்ல. சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ள எங்கள் பதிவறையில் ஜன்னலே கிடையாது. பிற்பகலில் பதிவாகும் மூன்று மணி நேர நிகழ்ச்சி மாலையில் கோவை, மதுரை, திருநெல்வேலி மூன்றிலும் ஒலிக்கும். தனியார் பண்பலையில் ஒரே நிறுவனத்தின் நிலையங்கள் இப்படி நிகழ்ச்சியைப் பகிர்ந்துகொள்ள 2011-ஆம் ஆண்டின் மூன்றாம் கட்டக் கொள்கை இடம் கொடுத்தது. ஆனால் கேட்பவருக்கு, பேசுகிறவர் தம் ஊரில் உட்கார்ந்திருப்பதாகத் தோன்ற வேண்டும். தயாரிப்பாளனாக என் வேலை அதுதான்.

முதல் மாதம் ஊர்ப்பெயரை மட்டும் தனியே பதிவு செய்து பொது வாக்கியத்தின் நடுவில் ஒட்டினோம். கேட்டால் ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி இருந்தது. வாக்கியம் ஏறிக்கொண்டிருக்கும்போது 'மதுரை' மட்டும் தட்டையாக வந்து விழும். விட்டுப்போன பெயர்களை மறுநாள் காலையில் பேச வைத்தபோது இன்னும் மோசம். காலைக் குரலில் கனம் அதிகம். பின்னால் குளிர்சாதனத்தின் இரைச்சலும் வேறு. காதுக்கு அந்த ஒட்டு உடனே தெரிந்துவிடுகிறது. அதனால் இப்போது முழு வாக்கியத்தையும் ஊருக்கு ஒரு முறை, ஒரே அமர்வில், ஒலிவாங்கியிலிருந்து ஒரே தூரத்தில் பேச வைக்கிறோம். தொகுப்பாளருக்கு அலுப்புதான். மூன்றாவது முறையும் முதல் முறை போலவே சிரிக்க வேண்டும்.

விளம்பர நேரம் ஊருக்கு ஊர் மாறும் என்பதால் நிகழ்ச்சியை ஒரே கோப்பாக அனுப்புவதில்லை. துண்டுகளாக அனுப்புகிறோம், அந்தந்த ஊர்க் கணினி வரிசைப்படி ஒலிபரப்புகிறது. மணிக் கணக்கு இடிக்காமலிருக்க, ஒவ்வொரு மணி நேரத்தின் கடைசிப் பாட்டை அவர்களே நீளம் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

தொழில்நுட்பம் இவ்வளவே. மீதி எல்லாம் ஊர். மதுரைக்கான துண்டில் "எம்.ஜி.ஆர். பேருந்து நிலையம்" என்று எழுதிக் கொடுத்தேன். பலகையில் இருக்கும் பெயர்தான். "அண்ணே, மாட்டுத்தாவணி என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் வெளியூர்க்காரர் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்" என்றார் அங்குள்ளவர். தேனிக்குப் போகிறவரிடம் மாட்டுத்தாவணியைச் சொன்னாலும் தப்பு, அவருக்கு ஆரப்பாளையம். ஜூன் மாதம் சென்னையில் அனல் பறக்கிறது, கோவையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசுகிறது, நெல்லைக்காரர் குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா என்று பார்க்கிறார். மூவருக்கும் ஒரே வானிலைப் பேச்சு எப்படிப் பொருந்தும்? தினமும் பிற்பகல் இரண்டு மணிக்குள் ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஐந்து வரி எழுதி அனுப்பச் சொன்னோம்: வானம், போக்குவரத்து, கோயில் விசேஷம், மின்தடை, அன்று ஊர் பேசும் பேச்சு. தனியார் பண்பலை சொந்தமாகச் செய்தி வாசிக்க முடியாது என்றாலும் வானிலைக்கும் போக்குவரத்துக்கும் தடையில்லை. வானிலைத் துண்டுகளின் பெயரிலேயே 'மழை வந்தால் நீக்கவும்' என்று எழுதியிருக்கும். உள்ளூர்க்காரர் ஜன்னலைப் பார்த்துவிட்டு முடிவு செய்வார்.

ஒன்றில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். 'நேரலை' என்ற சொல்லை நாங்கள் பயன்படுத்துவதில்லை. பதிவான குரலை வைத்துக்கொண்டு "இப்போதே அழையுங்கள்" என்று சொல்வதும் இல்லை. முந்தைய நாள் வந்த அழைப்புகளை "நேற்று பாளையங்கோட்டையிலிருந்து ஒரு அக்கா அழைத்திருந்தார்" என்றே அறிமுகம் செய்கிறோம். அழைத்தவர் தம் குரலைக் கேட்க மறுநாள் வானொலிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். பொய் சொல்லி இதைச் சம்பாதித்திருக்க முடியாது.

அடுத்த மாதம் தூத்துக்குடி சேர்கிறது. முதல் பதிவுக்கு முன்பே தொகுப்பாளரும் நானும் முத்துநகர் எக்ஸ்பிரஸில் போய் இரண்டு நாள் தங்கி வரப்போகிறோம். டிக்கெட் எடுத்தாயிற்று.