லுங்கியில் சுற்றிய செல்ஃப் மோட்டாருடன் பூலாம்பட்டிக்கு

சேலத்தில் எடப்பாடி பஸ் ஏறும்போது என் மடியில் பழைய லுங்கியில் சுற்றிய செல்ஃப் மோட்டார் இருந்தது. பூலாம்பட்டி மாமாவின் ஃபைபர் படகின் பின்பக்கம் வெளியே மாட்டியிருக்கும் 40 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சினுடையது. முந்தின வாரம் அவரே கழற்றி எடுத்துவந்து கொடுத்துவிட்டுப் போனார். "சாவியைத் திருப்பினா டக்குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான் மாப்ளே. மோட்டார் போயிருச்சு. டவுன்ல காட்டி வை." அதுவரை கயிறு இழுத்தே எஞ்சினைக் கிளப்பி, வலது தோள்பட்டையைத் தூக்க முடியாமல் இருந்தார்.

ஐந்து ரோடு பக்கம் செல்ஃப், டைனமோ வேலை பார்க்கும் ஒரு பட்டறைக்கு எடுத்துப்போனேன். லாரி மோட்டார்களுக்கு நடுவே இது கைக்குழந்தை மாதிரி தெரிந்தது. மேஸ்திரி அதை வைஸில் இறுக்கி, பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்தார். விர்ரென்று சுற்றியது, எஞ்சினைப் பிடித்துச் சுற்றும் சின்னப் பல்சக்கரமான பினியன் துள்ளி மேலே ஏறியது. பிரித்தும் பார்த்தார். கார்பன் பிரஷ் தேயவில்லை, உள்ளே சுற்றும் ஆர்மேச்சரில் கருகல் இல்லை. "மோட்டார் நல்லாத்தானுங்க இருக்கு. கரண்ட் வர்ற வழியைப் பாருங்க" என்றார். பினியன் ஏறி இறங்கும் தண்டில் கிரீஸ் தடவவே கூடாது என்றும் சொல்லி அனுப்பினார். தூசி பிடித்து ஒட்டிக்கொண்டால் பினியன் மேலே ஏறாது. மோட்டார் மட்டும் தனியே சுற்றும், எஞ்சின் அசையாது.

தாரமங்கலத்தில் கைலாசநாதர் கோயில் கோபுரம் ஜன்னலில் வந்து போனது. எடப்பாடியில் பஸ் மாறினேன். பூலாம்பட்டியில் இறங்கியதும் மீன் வறுக்கும் வாசனை, அப்புறம் காவிரி. மேட்டூருக்குக் கீழே கட்டிய கதவணை தண்ணீரைத் தேக்கி நிறுத்துவதால் ஆறு இங்கே ஏரி மாதிரி விரிந்து கிடக்கிறது. எதிரே ஈரோடு மாவட்டத்து நெரிஞ்சிப்பேட்டை, அதன் பின்னால் பாலமலை. பைக்குகளையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு விசைப்படகு அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இந்தக் கரையில் கொஞ்ச நேரம் நிற்காமல் முடியாது.

மோட்டாரை மாட்டினோம். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கடைசியில்தான் இணைக்க வேண்டும். பக்கத்திலேயே பெட்ரோல் டேங்க், ஒரு பொறி போதும். கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்தேன். கியரில் இருந்தால் செல்ஃப் வேலை செய்யாதபடி ஒரு சுவிட்ச் தடுத்துவிடும். ஃபியூஸ் சரி. பேட்டரி 12.6 வோல்ட், முழு சார்ஜ். சாவியைத் திருப்பினார் மாமா. டக்.

"பார்த்தியா, அதே சத்தம்" என்றார். அந்தச் சத்தம்தான் எனக்குத் தெம்பு கொடுத்தது. சாவி, ஃபியூஸ், நியூட்ரல் சுவிட்ச் எல்லாம் தாண்டி, மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் காந்த சுவிட்சான சொலினாய்டு வரை கரண்ட் வருகிறது என்று அர்த்தம். சொலினாய்டை இழுக்கச் சில ஆம்பியர் போதும். மோட்டார் சுற்றவோ நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும். வழியில் எங்கோ அடைப்பு.

மல்டிமீட்டரை எடுத்தேன். எஞ்சின் திடீரென்று ஸ்டார்ட் ஆகாமலிருக்கத் தீப்பொறி ஒயரை எஞ்சின் உடம்போடு எர்த் செய்துவிட்டு, மாமாவைச் சாவியைத் திருப்பிப் பிடிக்கச் சொன்னேன், இரண்டே விநாடி. பேட்டரி முனையில் 11.9 வோல்ட். மோட்டார் முனைக்கும் அதன் உடம்புக்கும் இடையே 7.2. பாசிட்டிவ் பக்கம் முழுவதும் சேர்த்து இழப்பு 0.3தான். அடுத்து ஒரு முள்ளைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மறுமுள்ளை எஞ்சின் உடம்பிலும் வைத்தேன். 4.4 வோல்ட். அரை வோல்ட் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டிய இடம் அது.

எர்த் ஒயர் எஞ்சினில் பிடித்திருந்த போல்ட்டைக் கழற்றினால், ஒயர் நுனியில் இருக்கும் உலோக வளையமான லக்குக்கு அடியில் பச்சைப் பொடி. ஒயரின் ரப்பரை ஒரு விரற்கடை கீறிப் பார்த்தேன். செம்பு இழைகள் கறுத்து, தொட்டதும் உதிர்ந்தன. மாமா இந்த எஞ்சினைச் செகண்ட் ஹேண்டில் நாகப்பட்டினத்தில் வாங்கியவர். கடல் உப்பு ஒயருக்குள்ளேயே ஏறி உட்கார்ந்து காவிரி வரை வந்துவிட்டது. நல்ல தண்ணீரில் ஓடும் படகு, துரு எங்கிருந்து வரும் என்று நாங்கள் இருவருமே அந்த ஒயரைத் திரும்பிப் பார்த்ததில்லை. ஒரு விஷயம் கட்டாயம் சொல்ல வேண்டும்: இந்த ஒயரை மல்டிமீட்டரின் 'பீப்' சோதனையில் வைத்திருந்தால் நல்லது என்றே காட்டியிருக்கும். 0.04 ஓம் தடையை அது கண்டுகொள்ளாது. நூறு ஆம்பியர் ஓடும்போது அதே 0.04 ஓம் 4 வோல்ட்டை விழுங்கிவிடும். ஓடவிட்டு அளந்தால்தான் தெரியும்.

எடப்பாடிக்குப் போய்ப் புது ஒயரும் லக்கும் வாங்கி வந்தான் மாமா மகன். போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாள் போட்டு வெள்ளையாகத் தேய்த்தோம். பேட்டரி முனையில் இருந்த காது நட்டையும் மாற்றி, ஸ்பேனர் போட்டு இறுக்கும் நட்டு மாட்டினேன். படகின் அதிர்வில் கையால் திருகிய நட்டு தளர்ந்துகொண்டே இருக்கும்.

நாலு மணிக்கு மாமா சாவியைத் திருப்பினார். ஒரே சுற்று. எஞ்சின் பிடித்துக்கொண்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை. படகின் பின்பக்கம் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று குனிந்து பார்த்தார், பீய்ச்சியது. "ஏறுடா, அக்கரைக்குப் போயிட்டு வரலாம்" என்றார்.

நெரிஞ்சிப்பேட்டை கரையில் டீ குடித்துவிட்டு வந்தபோதும் முதல் திருப்பலிலேயே எடுத்தது. கயிற்றைச் சுருட்டிப் படகின் மூலையில் போட்டுவிட்டு, வலது தோளைத் தேய்த்துக்கொண்டார் மாமா.