இதர செலவு

விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மெத்தைக்கு எழுதினேன்: "ஆடம்பரம் இனி உங்கள் படுக்கையறையில்." மீட்டிங்கில் எல்லோரும் தலையாட்டினார்கள். கடையில் மெத்தை நகரவில்லை. ஏன் என்று கேட்டு வரச் சொல்லி, மாதச் சம்பளக்காரர்களின் வீடுகளுக்கு என்னையே அனுப்பினார்கள். தண்டனை மாதிரிதான்.

ஒரு வீட்டில் அந்த அம்மா விளம்பரத்தை வாங்கிப் படித்தார், மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "ஆடம்பரம்னு நீங்களே எழுதிட்டீங்களே தம்பி, அப்புறம் நான் எப்படி வாங்கறது?"

அப்போதுதான் உறைத்தது. ஆடம்பரம் என்பது நம் பேச்சில் பாராட்டே இல்லை, குற்றச்சாட்டு. தன் செலவை யாரும் ஆடம்பரம் என்பதில்லை. அது எப்போதும் அடுத்த வீட்டுச் செலவு. சொகுசு அப்படியில்லை. ஆடம்பரம் பார்க்கிறவர் கண்ணுக்கு, சொகுசு படுக்கிறவர் முதுகுக்கு. தோர்ஸ்டீன் வெப்லன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1899இல் விரிவாக எழுதியது முதல் வகையைப் பற்றி: வசதி இருப்பதை நாலு பேர் பார்க்க வேண்டும் என்றே செய்கிற செலவு. அதைப் படித்த ஜோரில் நான் மெத்தை விற்கக் கிளம்பியிருக்கிறேன். விருந்தாளி யாராவது மெத்தையைப் பார்ப்பாரா? மேலே விரிப்பு வேறு போட்டிருக்கும்.

பேச்சுவாக்கில் அந்த அம்மா வரவு செலவு நோட்டை எடுத்துக் காட்டினார். வாடகை, பள்ளிக் கட்டணம், கடன் தவணை, மருந்து என்று வரிசையாக, ஒரே அளவு எழுத்தில். பக்கத்தின் அடியில் மட்டும் 'இதர' என்று ஒரு வரி, பென்சிலில். சில மாதங்களில் அந்தத் தொகையை அழித்து எழுதியிருந்த தடம் தெரிந்தது. என்ன அது என்றேன். சிரித்தார். "சென்ட் பாட்டில். மளிகையிலயும் சேராது, மருந்துலயும் சேராது. எங்க எழுதறது?"

ரிச்சர்ட் தேலர் என்ற பொருளியலாளர் 1985இல் மனக்கணக்கு என்று ஒரு கட்டுரையில் விளக்கியது இதைத்தான். பணம் என்னவோ ஒன்றுதான். மனசு அதைத் தனித்தனி டப்பாவில் போட்டு வைக்கிறது, ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றுக்குக் கொடுக்கக் கை வராது. 2017இல் அவருக்குப் பொருளியல் நோபல் கிடைத்தது. அந்த அம்மாவிடம் இருந்தது ஒரு பென்சில்.

ஆபீஸ் திரும்பி வாசகத்தை மாற்றினேன். "காலையில் எழும்போது முதுகு வலிக்கிறதா?" அதே மெத்தை, அதே விலை. 'இதர'விலிருந்து 'மருந்து'க்கு இடம் மாறியது, அவ்வளவுதான். விற்றது. கூடவே, ஏற்கெனவே இருந்த இரண்டு மாடலுக்கு மேல் கண்ணைக் கட்டும் விலையில் மூன்றாவது ஒன்றையும் வைத்தோம். அது விற்கவா வைத்தது? நடுவில் இருப்பதை நியாயமான விலையாகக் காட்டத்தான். மலிவும் வேண்டாம், ஊதாரித்தனமும் வேண்டாம் என்று நிதானமாக யோசித்து, திருப்தியோடு நடுவில் உள்ளதை எடுத்துப் போனார்கள். வீட்டிலிருந்து கிளம்பும்போது நினைத்து வந்த தொகை அதுவல்ல. இதைச் சாமர்த்தியம் என்று அப்போது சொல்லிக்கொண்டேன். இப்போது அவ்வளவு உரக்கச் சொல்வதில்லை.

போன வருடம் எங்கள் வீட்டு மெத்தையை மாற்றினோம். கடையில் மூன்று மாடல். எந்த மாடல் எதற்காக நிற்கிறது என்று எனக்குத் தெரியும். நடுவில் இருந்ததைத்தான் எடுத்தேன்.

பில்லைப் பார்த்துவிட்டு மனைவி, "எதுக்கு இவ்வளவு?" என்றாள்.

"முதுகு வலிக்குது" என்றேன். எனக்கு முதுகு வலி வந்ததே இல்லை.