காரையில் ஒரு சுறாப்பல்

பாடாலூரில் டீ குடித்துவிட்டு, பெரியப்பா மகன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து ஊட்டத்தூர் வழியாகப் பெரம்பலூர் மாவட்டத்துக் காரை கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறரை. தை மாதம். பனி இன்னும் விலகவில்லை. ஊரைத் தாண்டியதும் சீமைக்கருவேலம் புதர் முடிகிற இடத்தில் தரை திடீரென்று கிழிந்து கிடக்கிறது. மழைத்தண்ணீர் அறுத்து அறுத்துப் போட்ட களிமண் ஓடைகள், ஆள் உயரத்துக்கு, சில இடங்களில் அதற்கும் மேலே. மஞ்சளும் காவியும் சாம்பலுமாக நிறம். இதைத்தான் எல்லோரும் ‘குட்டி கிராண்ட் கேன்யன்’ என்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிப்பதில்லை. காரை என்றே சொன்னால் என்ன குறைந்துவிடப் போகிறது?

சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இங்கே கடல் இருந்தது. கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் உடைந்து, இந்தியா தனியாக நகரத் தொடங்கிய காலத்தில் கடல் உள்ளே வந்து படியவிட்டுப் போன மண் இது. புவியியல்காரர்கள் இந்த அடுக்குகளை ஊட்டத்தூர் தொகுதி என்றே குறிப்பிடுகிறார்கள். ஊட்டத்தூர் சிவன் கோயிலுக்கு வருகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த ஊர்ப் பெயர் உலகம் முழுக்கப் பாறை ஆராய்ச்சிக் கட்டுரைகளில் ஓடிக்கொண்டிருப்பது தெரியும்!

நான் தேடி வந்தது சுறாப்பல். அம்மோனைட் பார்க்கப் போகிறவர்கள்தான் அதிகம். அழிந்துபோன ஒரு கடல் உயிரியின் ஓடு கல்லானது, நத்தை மாதிரிச் சுருண்டிருக்கும், பார்க்க அழகு, படம் எடுத்தால் லைக் விழும். பல் அப்படியில்லை. சுறாவுக்கு உடம்பு முழுக்கக் குருத்தெலும்புதான். செத்தால் அது மக்கிப்போகும், பல் மட்டும் தங்கும். ஆனால் அந்தப் பல்லோ வாழ்நாள் முழுக்க உதிர்ந்து முளைத்துக்கொண்டே இருப்பது. ஒரு சுறா ஆயிரக்கணக்கில் உதிர்த்துவிட்டுத்தான் சாகிறது. அத்தனை உதிர்த்தும் நம் கண்ணில் ஒன்றுகூட லேசில் படாது என்பதுதான் கொடுமை.

முதல் ஒரு மணி நேரம் வெறும் ஏமாற்றம். மண்ணெல்லாம் ஜிப்சம் சில்லுகள். சாய்ந்து விழுகிற வெயிலில் ஒவ்வொன்றும் ‘நான்தான் பல்’ என்று மினுக்குகிறது. நகத்தால் கீறினால் கோடு விழுந்துவிடும், அது ஜிப்சம். பிறகு பெலம்னைட். கணவாயின் பழங்காலச் சொந்தக்காரன் ஒன்றின் உடம்புக்குள் இருந்த ஓடு இது. துப்பாக்கித் தோட்டா போலக் கூராக, காலடியில் இறைந்து கிடக்கிறது. உடைந்த முனையைப் பார்த்தால் நடுவிலிருந்து சைக்கிள் சக்கரக் கம்பிகள் மாதிரிக் கோடுகள். அதன் நுனியை மூன்று முறை பல் என்று நினைத்து அண்ணனைக் கூப்பிட்டேன். நான்காவது முறை அவன் திரும்பவே இல்லை. அது ஆட்டுப் புழுக்கை.

நின்றபடி தேடினால் கிடைக்காது என்று புரிந்ததும் மண்டியிட்டேன். அப்போதுதான் மற்றதெல்லாம் கண்ணில் படத் தொடங்கியது. ஓடைச் சரிவின் அடியில், மழை படாத பொடிமண்ணில், வரிசையாகக் குழியானைக் குழிகள். புனலைக் கவிழ்த்து எடுத்த மாதிரி அச்சு அசலாக. சின்ன வயதில் ஈர்க்குச்சி விட்டுக் கிளறியது ஞாபகம் வந்தது. பக்கத்தில் ஒரு எறும்பு விளிம்பில் கால் வைத்தது, மண் சரிந்தது, ஏற முயன்றது, மறுபடி சரிந்தது. கீழேயிருந்து இரண்டு கொடுக்குகள் மண்ணை வீசி அடித்தன. எறும்பு போயே போய்விட்டது. குழி மட்டும் பழையபடி. ஐந்து நிமிடம் பல்லை மறந்து அங்கேயே கிடந்தேன்.

மேட்டில் ஆட்காட்டிக் குருவி ஒன்று விடாமல் கத்திக்கொண்டிருந்தது. நாங்கள் எந்த ஓடைக்குள் இறங்கினாலும் அது மேலே வந்து ஊருக்கே சொல்லும். அதைக் கேட்டுத்தானோ என்னவோ, ஆடு மேய்க்கிற அம்மா ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார்.

“என்ன தம்பி தேடுறீங்க? காசு கீசு தொலைச்சிட்டீங்களா?”

“இல்லைம்மா, சுறாமீன் பல்.”

அவர் சிரிக்கவில்லை. “மழை பேஞ்ச தண்ணி ஓடுன தடத்துல பாருங்க. புதுசா மேல வந்திருக்கும்” என்று சொல்லிவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போனார். கிலோமீட்டர் கணக்கில் நான் படித்துவிட்டு வந்ததை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

அவர் சொன்ன தடத்தில்தான் கிடைத்தது. சுண்டுவிரல் நகம் அளவு. பழுப்பு நிறம், தேன் தடவிய மாதிரி ஒரு வழவழப்பு. ஜிப்சம் மினுக்கும், இது மினுக்கவில்லை, பளபளத்தது. அந்த வித்தியாசம் கண்ணுக்கு ஒருமுறை பிடிபட்டால் போதும். நடுவில் ஒரு கூர், இருபக்கமும் குட்டிக் கூர்கள், வேர்ப்பகுதி பாதி உடைந்திருந்தது. விளிம்பில் விரலை வைத்தேன். இன்னும் கூர் இருந்தது.

இந்தப் பக்கத்துப் பற்களுக்குப் பெரிய வரலாறு உண்டு. கே, கன்லிஃப் என்ற இருவர் பாண்டிச்சேரிப் பக்கம் சேகரித்த மீன் எச்சங்களைப் பற்றி பிலிப் எகர்டன் லண்டனில் 1845லேயே எழுதிவிட்டார். அந்தச் சேகரிப்பு கப்பலேறிப் போனது. எங்கள் பல்லை நாங்கள் எடுக்கவில்லை. எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பது போய்விட்டால் அது வெறும் கீசெயின். மூட்டை கட்டிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. அளவு தெரிய ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைத்து நாலு படம் எடுத்தோம், அவ்வளவுதான்.

பத்து மணிக்கு மேல் வெயில் ஏறியதும் களிமண் கண்ணைக் கூசவைத்தது. சாத்தனூர் கல்மரத்தை எட்டிப் பார்த்தோம். 1940ல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டுபிடித்தது, 18 மீட்டர் நீளம், கம்பி வேலிக்குள் படுத்திருக்கிறது. சாயங்காலம் கரைவெட்டி ஏரி. உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2024ல் சேர்ந்த இடம். தூரத்துத் தண்ணீரில் வரித்தலை வாத்துகள், இமயமலையைத் தாண்டி வந்த களைப்பே தெரியாமல் மேய்ந்துகொண்டிருந்தன. காலை முழுக்கக் குனிந்தே இருந்ததில் தலையை நிமிர்த்திப் பைனாகுலரைப் பிடிக்கக் கழுத்து ஒத்துழைக்கவில்லை.

திரும்பும் வழியில் டீக்கடையில் சில்லறைக்குப் பையைத் துழாவியபோதுதான் அண்ணன் கேட்டான், “அந்த ஒரு ரூபாயை எடுத்தியா?”

நான் எடுக்கவில்லை.