சாஞ்சியில் சாரிபுத்தர், மொக்கல்லானர் தரிசனம்

சாரிபுத்தரையும் மொக்கல்லானரையும் தரிசிக்க வேண்டுமென்றால் நவம்பர் கடைசி ஞாயிறை ஒட்டி நடக்கும் விழாவுக்குத்தான் சாஞ்சி போக வேண்டும். மற்ற நாட்களில் அவர்களின் அஸ்தி அங்குள்ள சேத்தியகிரி விகாரை என்ற பௌத்தக் கோயிலில் பூட்டியே இருக்கும். சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் போபால் போய் இறங்கினால், அங்கிருந்து 50 கிலோமீட்டருக்குள்தான்.

இருவரும் புத்தரின் தலைமைச் சீடர்கள். அதற்கும் முன்பே பால்ய நண்பர்கள். மரணமில்லாத நிலையை யார் முதலில் கண்டாலும் மற்றவருக்குச் சொல்ல வேண்டும் என்று பேசி வைத்துக்கொண்டு வீட்டை விட்டுப் புறப்பட்டவர்கள். புத்தருக்கு முன்பே இருவரும் மறைந்துவிட்டார்கள்.

1851-இல் கன்னிங்ஹாம், மெய்சி என்ற இரண்டு ஆங்கிலேய அதிகாரிகள் சாஞ்சியின் மூன்றாம் ஸ்தூபியை, அதாவது அஸ்தியை வைத்து எழுப்பிய குவிமாடத்தை, தோண்டினார்கள். உள்ளே இரண்டு கல்பெட்டிகள். தெற்கே இருந்ததன் மூடியில் சாரிபுத்தர் பெயர், வடக்கே இருந்ததில் மகாமொக்கல்லானர் பெயர், இரண்டும் பிராமி எழுத்தில். சாரிபுத்தரின் பெட்டிக்குள் மாக்கல் சிமிழ், சந்தனக் கட்டைகள். சிமிழுக்குள் சிறிய எலும்புத் துண்டு, முத்து, மணிகள். சிமிழ் மூடிகளின் உட்புறத்தில் ‘சா’ என்றும் ‘ம’ என்றும் மையால் ஒவ்வோர் எழுத்து. அடக்கம் செய்தவர் அஸ்தி மாறிவிடக் கூடாதே என்று எழுதியிருப்பார் என எனக்குத் தோன்றுகிறது. அவ்வளவு கவனமாக மூடி வைத்ததைத்தான் திறந்தார்கள்.

அருகிலுள்ள சத்தாரா ஸ்தூபியிலும் இதே இருவரின் அஸ்தி கிடைத்தது. தோண்டி எடுத்தவற்றில் ஒரு பகுதி லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் காட்சிப் பொருளாகிவிட்டது. மகாபோதி சங்கம் என்ற பௌத்த அமைப்பினர் அவற்றைத் திருப்பித் தரும்படி விடாமல் கேட்டார்கள். எலும்புகளைத் தருகிறோம், பேழைகள் எங்களிடமே இருக்கட்டும், மாதிரி செய்து தருகிறோம் என்றது அருங்காட்சியகம். இது என்னை மிகவும் வருத்திய செய்தி. பெரியவர்களின் அஸ்தியை அது இருந்த பேழையிலிருந்து பிரித்துப் பார்க்க நமக்கு மனம் வருமா? நல்லவேளை, கடைசியில் அசல் பேழைகளும் வந்து சேர்ந்தன.

1947-இல் அஸ்தி முதலில் இலங்கைக்கு வந்தது. 1949 ஜனவரியில் கல்கத்தாவில் நேரு அதை மகாபோதி சங்கத்திடம் ஒப்படைத்தார். அப்புறம் பர்மா வரை போய் வந்து, 1952 நவம்பர் 30 அன்று சாஞ்சி மலையில் புதிதாகக் கட்டிய இந்த விகாரையில் பிரதிஷ்டை ஆனது.

விழா நாளில் மலையேறும் வழி முழுக்கக் கூட்டம். எனக்கு முன்னால் வெள்ளை உடையில் இலங்கைக் குடும்பம் ஒன்று நின்றது. வெறுங்கையோடு நின்ற என்னைப் பார்த்து, அந்த வீட்டு அம்மா தன் பூக்களில் ஒரு தாமரையைக் கொடுத்தார். பேழை முன்னால் நிற்கக் கிடைத்தது சில நொடிகள்தான். கைகூப்பியதும் கண்ணில் நீர் வந்துவிட்டது. அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிகளை எத்தனையோ முறை ரசித்துப் பார்த்திருக்கிறேன். அங்கே ஒரு பொருளின் வயதைத்தான் தெரிந்துகொள்வேன். இங்கே இரண்டு பெரியவர்கள் எதிரில் இருப்பதாகவே உணர்ந்தேன்.

பிறகு பிக்குகள் பேழையைத் தலையில் ஏந்தி ஊர்வலம் போனார்கள். எல்லோரும் பின்னால் நடந்தோம்.

மூன்றாம் ஸ்தூபியையும் வலம் வந்து கும்பிட்டேன். அதற்குத் தோரணம் எனப்படும் கல் நுழைவாயில் ஒன்றே ஒன்றுதான். நண்பர்கள் மலைக்குத் திரும்பிவிட்டார்கள், ஆனால் தங்கள் பழைய இடத்துக்கு இல்லை. அது எனக்குக் குறையாகத்தான் பட்டது. ஆனாலும் ஸ்தூபிக்குள் மறுபடி மூடியிருந்தால் எங்களுக்கு இந்தத் தரிசனம் கிடைத்திருக்காது.

பெரிய ஸ்தூபியின் தோரணங்களில் மரக்கிளையைப் பிடித்து நிற்கும் பெண் சிற்பங்கள் உண்டு. சாஞ்சியின் அப்படிப்பட்ட ஒரு சாலபஞ்சிகை லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறாள். அவளும் இந்த மலைக்குத் திரும்பி வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் இறங்கினேன்.