கீசார் மைதானத்தின் வாசலில் ஒரு சீசன்

2017-ல் எனக்கு கிரீன் கார்டு வந்தது. பல வருஷம் ஒரே கம்பெனியின் விசாவில் இருந்தவனுக்கு அது கைக்கு வந்ததும் தோன்றிய முதல் எண்ணம், இனி நானாக ஆசைப்பட்டு வேறு ஒரு வேலையும் செய்யலாம் என்பதுதான். பகலில் வழக்கமான சாஃப்ட்வேர் வேலை. ஆட்டம் இருக்கும் நாட்களில் மட்டும், ஆட்களை அனுப்பும் ஒரு ஏஜென்சி மூலமாக, சான் ஃபிரான்சிஸ்கோவின் கீசார் மைதானத்தில் டிக்கெட் ஸ்கேன் செய்யப் போனேன். அந்த வருஷம்தான் சான் ஃபிரான்சிஸ்கோ டெல்டாஸ் என்ற கால்பந்து அணி ஆட ஆரம்பித்தது. அந்த வருஷமே முடிந்தும் போனது.

கீசாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோல்டன் கேட் பூங்காவின் கிழக்கு ஓரத்தில், என்-ஜூடா ரயிலிலிருந்து இறங்கிச் சில நிமிஷம் நடந்தால் வந்துவிடும். 1970 வரை அமெரிக்க ஃபுட்பால் அணியான ஃபார்ட்டி நைனர்ஸுக்கு இதுதான் சொந்த மைதானம். அந்தப் பழைய பெரிய மைதானத்தை 1989-ல் இடித்துவிட்டு, அதே இடத்தில் சுமார் 10,000 பேர் உட்காரும் அளவில் இப்போதைய மைதானத்தைக் கட்டினார்கள். சொத்து நகராட்சியுடையது. ஆடுகளத்தைச் சுற்றி ஓடுபாதை உண்டு, சாதாரண நாட்களில் அக்கம்பக்கத்துக்காரர்கள் காலையும் மாலையும் அதில் ஓடுவார்கள். ஆட்டம் பார்க்க வருபவருக்கும் பந்துக்கும் நடுவே அந்தப் பாதை எப்போதும் கிடக்கும். கூட்டம் குறைவாக இருக்கும் நாளில் அந்த இடைவெளி இன்னும் பெரிதாகத் தெரியும்.

என் வேலை எளிமையானது. ஆட்டம் தொடங்குவதற்கு முன்பு ஸ்கேனரை வாங்கிக்கொண்டு கேட்டில் நிற்க வேண்டும். போனில் இருக்கும் பார்கோடைக் காட்டுவார்கள், பீப் சத்தம் வரும், உள்ளே போவார்கள். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில்தான் கஷ்டம். கலிஃபோர்னியா என்றால் வெயில் என்று நம் ஊரில் நினைப்பார்கள், ஆனால் அந்த மாதங்களில் சாயங்காலமானால் கடல் பக்கமிருந்து மூடுபனி பூங்கா வழியாக அப்படியே ஏறி வரும். போன் திரையில் ஈரம் படிந்து ஸ்கேனர் படிக்காது. நான் ஸ்வெட்டர் கையால் திரையைத் துடைத்து, போனை என் உள்ளங்கையின் நிழலில் சாய்த்துப் பிடித்து ஸ்கேன் செய்யக் கற்றுக்கொண்டேன். அப்பாவின் தோளில் உட்கார்ந்து வரும் குழந்தைகள் அந்த பீப் சத்தத்துக்காகவே தங்கள் கையில் டிக்கெட்டைக் கேட்டு வாங்குவார்கள். எத்தனை பேர் பின்னால் நின்றாலும் அந்தக் குழந்தை சரியாகக் காட்டும்வரை நான் காத்திருப்பேன். அணிக்கு வேண்டியவர்கள் இவர்கள்தான் என்று அப்போதே எனக்குத் தோன்றியது.

ஆட்டம் தொடங்கி இருபது நிமிஷம் போனதும் ஸ்கேனர்களைத் திருப்பிக் கொடுப்போம். ஒவ்வொன்றின் திரையிலும் எத்தனை பேரை உள்ளே விட்டோம் என்ற எண் நிற்கும், மேற்பார்வையாளர் அதை ஒரு தாளில் எழுதிக் கூட்டுவார். என் ஸ்கேனரின் எண் வாராவாரம் மூன்று இலக்கத்திலேயே நின்றுவிடும். அப்புறம் இரண்டாம் பாதியை உள்ளே போய்ப் பார்ப்பேன். அங்கேதான் எனக்கு வருத்தமே. ஆட்டம் அவ்வளவு நன்றாக இருக்கும். பயிற்சியாளர் மார்க் டாஸ் சாண்டோஸ் கனடாக்காரர், ஒழுங்கான தடுப்பு ஆட்டத்தின் மேல் அணியைக் கட்டியிருந்தார். கோல்கீப்பர் ரோமுவால் பெய்சர் பிரான்ஸிலிருந்து வந்தவர். இவர்கள் இருவரும் பின்னால் நிற்க, கோல் வாங்குவதே அபூர்வம் என்ற நம்பிக்கையோடு அந்த அணி ஆடும். இதைப் பார்க்கப் பல நாட்களில் மூவாயிரம் பேர்கூட இல்லை.

அமெரிக்காவில் கால்பந்து லீகுகளின் அமைப்பு தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் மாதிரி ஜெயித்தால் மேல் லீகுக்குப் போவது, தோற்றால் கீழே இறங்குவது இங்கே கிடையாது. எந்த லீக் எந்த நிலை என்பதை நாட்டின் கால்பந்து ஃபெடரேஷன்தான் முடிவு செய்யும். மேலே எம்எல்எஸ் என்ற லீக். அதற்குக் கீழே 2017-ல் என்ஏஎஸ்எல், யூஎஸ்எல் என்று இரண்டு லீகுகளுக்கும் இரண்டாம் நிலையைத் தற்காலிகமாகப் பகிர்ந்து கொடுத்திருந்தார்கள். டெல்டாஸ் இருந்தது என்ஏஎஸ்எல்-லில். மொத்தமே எட்டு அணிகள். ஆக, நம் அணி எவ்வளவு நன்றாக ஆடினாலும் ஒரு படி மேலே போக வழியில்லை. லீக் சரிந்தால் அணியும் சரியும்.

அணியை ஆரம்பித்தவர் பிரையன் ஆண்ட்ரஸ் ஹெல்மிக், டெக் துறையிலிருந்து வந்தவர். முதலீடு செய்தவர்களிலும் பலர் அந்தத் துறைக்காரர்கள். அவர்கள் மேல் எனக்கு மரியாதைதான். கைக்காசைப் போட்டு, நல்ல பயிற்சியாளரையும் நல்ல ஆட்டக்காரர்களையும் கொண்டுவந்து, நகரத்துக்கு ஓர் அணி வேண்டும் என்று முயன்றவர்கள். ஆனால் அதே துறையில் இருப்பவன் என்பதால் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. எங்கள் வேலையில் ஒன்றை வெளியிட்டு, ஆறு மாதம் எண்களைப் பார்த்து, ஏறவில்லை என்றால் மூடிவிடுவோம். மென்பொருளுக்கு அது சரி. கால்பந்து அணி அப்படி வளராது. அப்பா கூட்டிக்கொண்டு வந்த பிள்ளை, அது வளர்ந்து தன் சிநேகிதர்களைக் கூட்டிக்கொண்டு வந்து, யாரோ ஒருவருக்கு எப்போதும் அதே தூணுக்குப் பக்கத்தில்தான் இடம் என்று ஆகி, இப்படிப் பத்துப் பதினைந்து வருஷம் போக வேண்டும். அதே நகரத்தில் சான் ஃபிரான்சிஸ்கோ சிட்டி என்ற சின்ன கிளப் 2001-லிருந்து இருக்கிறது. அதில் பெரும்பங்கு ரசிகர்களான உறுப்பினர்களுடையது. டெல்டாஸ் அளவுக்குப் பணமோ பெயரோ அதற்கு இல்லை, ஆனாலும் அது தாக்குப்பிடித்து நிற்கிறது. காரணம் அதுதான் என்பது என் எண்ணம்.

செப்டம்பரில் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தது. 2018-க்கு என்ஏஎஸ்எல்-லுக்கு இரண்டாம் நிலை கிடையாது என்று ஃபெடரேஷன் சொல்லிவிட்டது. லீக் புரூக்ளின் நீதிமன்றத்துக்குப் போனது. கூடைப்பந்து வீரர் கார்மெலோ ஆன்டனியின் புவெர்ட்டோ ரிக்கோ அணி இதே லீகில்தான் இருந்தது. அதே மாதம் மரியா புயல் அந்தத் தீவைப் புரட்டிப் போட்டது. கேட்டில் நின்ற எங்களுக்கு யாரும் எதையும் விளக்கிச் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் சீசன் டிக்கெட் வைத்திருந்தவர்கள் எங்களிடம்தான் கேட்பார்கள்: "அடுத்த வருஷம் உண்டா?" எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு அவர்கள் போனைத் துடைப்பேன்.

நவம்பர் 4-ம் தேதி, ஃபெடரேஷனின் அந்த முடிவுக்கு எதிராக லீக் கேட்ட இடைக்காலத் தடையைத் தர நீதிபதி மறுத்துவிட்டார். அதற்கு மறுவாரம், 12-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை, கீசாரில் இறுதி ஆட்டம். எதிரணி நியூயார்க் காஸ்மோஸ், ஒரு காலத்தில் பெலே ஆடிய பெயர். அன்றைக்குத்தான் நான் முதன்முறையாக வரிசையின் கடைசி ஆளைப் பார்க்க முடியாமல் நின்றேன். 9,000 பேருக்கு மேல் வந்திருந்தார்கள். என் ஸ்கேனர் நான்கு இலக்கத்தைத் தொட்டபோது பக்கத்து கேட்டில் இருந்தவரிடம் திரையைத் திருப்பிக் காட்டினேன். அவரும் தன்னுடையதைக் காட்டினார். முதல் பாதியில் டாம் ஹைனமன் பெனால்டியில் கோல் போட்ட சத்தத்தை வாசலில் நின்றுதான் கேட்டேன், உள்ளே ஓட முடியவில்லை, இன்னும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். டெவன் சாண்டோவலின் கோலை மட்டும் ஓடுபாதையின் ஓரத்தில் நின்று கண்ணால் பார்த்தேன். 2-0. டெல்டாஸ் சாம்பியன்.

அந்த மாதத்திலேயே அணி மூடப்பட்டது. அடுத்த வருஷம் லீகின் மற்ற அணிகளில் இன்டியும் வட கரோலினாவும் யூஎஸ்எல்-லுக்கு மாறின, என்ஏஎஸ்எல் மறுபடி ஒரு சீசன் ஆடவே இல்லை. வழக்கு மட்டும் 2025 பிப்ரவரி வரை இழுத்து, கடைசியில் ஜூரி லீகுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது.

இறுதி ஆட்டத்தன்று பக்கத்து கேட்டில் நின்றவர் அறுபதைத் தாண்டிய அம்மா. சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி மைதானங்களிலெல்லாம் வருஷக்கணக்காக வாசலில் நின்றவர். கூட்டம் கலைந்த பிறகு ஸ்கேனர்களை அடுக்கிக்கொண்டே சொன்னார், "எனக்கு இங்கே இது இரண்டாவது அணி." 2007-ல் கலிஃபோர்னியா விக்டரி என்ற அணி இதே கீசாரில் ஆடியது, ஸ்பெயினின் அலவேஸ் கிளப்போடு தொடர்புடைய அணி. அதுவும் ஒரே சீசன்தான். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். அதற்கும் முன்னால், 1967-ல், நெதர்லாந்தின் ஆடோ டென் ஹாக் அணியை அப்படியே வரவழைத்து, கோல்டன் கேட் கேல்ஸ் என்று பெயர் வைத்து இங்கே ஆட விட்டிருக்கிறார்கள். அதுவும் ஒரே சீசன். அந்த அம்மாவுக்கு, சீசன் தொடங்கிய மார்ச் மாதமே இதெல்லாம் மனதில் ஓடியிருக்கும். ஆனால் ஒரு நாள்கூட அவர் சோர்ந்து நின்று நான் பார்த்ததில்லை. முதல் ஆட்டத்தில் குழந்தைகளிடம் எப்படிப் பேசினாரோ, கடைசி ஆட்டத்திலும் அதே குரல்தான்.

"மூன்றாவதாக ஓர் அணி வந்தால் வருவீர்களா?" என்று கேட்டேன். ஏஜென்சி கூப்பிட்டால் வருவேன் என்றார். உன் நம்பரை மாற்றிவிடாதே என்று என்னிடமும் சொன்னார். எட்டு வருஷத்தில் இரண்டு போன் மாற்றிவிட்டேன், நம்பர் அதேதான்.