கரைசல் கணக்கா? முதலில் மில்லிமோலை எண்ணுங்கள்

நீட் தேர்வுக்குப் படித்தபோது வேதியியலில் நான் தைரியமாகத் தொட்ட பகுதி கரைசல் கணக்குகள். எந்தக் கேள்வி வந்தாலும் மில்லிமோலை (மோலில் ஆயிரத்தில் ஒரு பங்கு) எண்ணி, மொத்தக் கன அளவால் வகுப்பேன், அவ்வளவுதான். மோலாரிட்டியை, அதாவது ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல் என்பதை, மில்லிலிட்டரால் பெருக்கினால் மில்லிமோல் வந்துவிடும். லிட்டராக மாற்றித் தசமப் புள்ளியோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

0.5 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 200 மி.லி., அதே அமிலம் 0.2 மோலாரில் 300 மி.லி. கலக்கிறோம் என்று வையுங்கள். 100, 60, ஆக மொத்தம் 160 மில்லிமோல். 500ஆல் வகுத்தால் 0.32 மோலார். வகுப்பதற்கு முன்பே ஒன்று தெரியும்: விடை 0.2க்கும் 0.5க்கும் இடையில்தான் இருக்கும். நீர்த்த கரைசல் அதிகம் என்பதால் நடுப்புள்ளியான 0.35ஐத் தாண்டாது. கால்குலேட்டர் இல்லாத தேர்வில் பொருந்தாத ஆப்ஷன்களைக் கழிக்க இதுவே போதும்.

இதுவரைக்கும் 'எம் ஒன் வி ஒன்' சூத்திரமும் (M₁V₁ + M₂V₂ = MV; M மோலாரிட்டி, V கன அளவு) கைகொடுக்கும். வினை நடந்தால்தான் அது காலை வாரும். 0.2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 100 மி.லி.யோடு 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 100 மி.லி. சேர்த்தால் கூட்டக் கூடாது, கழிக்க வேண்டும். 20இல் 10 போய் மிச்சம் 10. கன அளவோ 200. ஆக அமிலம் 0.05 மோலார், பிஹெச் சுமார் 1.3. சல்பியூரிக் அமிலம் என்றால் ஒரு மோலுக்கு இரண்டு மோல் காரம் செலவாகும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அயனியைக் கேட்டாலும் இதே வழிதான். 0.1 மோலார் சோடியம் குளோரைடும் 0.1 மோலார் கால்சியம் குளோரைடும் தலா 100 மி.லி. என்றால், கால்சியம் குளோரைடில் குளோரைடு இரண்டு என்பதால், குளோரைடு 10 + 20 மில்லிமோல், அதாவது 0.15 மோலார். 0.1 என்ற ஆப்ஷன் அழகாகக் கண் சிமிட்டும்!

நிறைச் சதவீதம் கொடுத்திருந்தால் நிறையைக் கூட்டுங்கள். நிறை எப்போதும் கூடும், கன அளவு அப்படியில்லை. 50 மி.லி. எத்தனாலும் 50 மி.லி. நீரும் சேர்ந்தால் 100 வராது, சுமார் 96 தான். நீர்த்த கரைசல்களில் இந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்ளத் தேவையில்லை.

அப்புறம், 2 மோலார் கரைசல் 250 மி.லி.யை 0.5 மோலாராக்கச் சேர்க்க வேண்டிய நீர் எவ்வளவு என்று கேட்பார்கள். 500 மில்லிமோலை 0.5ஆல் வகுத்தால் 1000. அது இறுதிக் கன அளவு. சேர்ப்பது 750 மி.லி. இரண்டுமே ஆப்ஷனில் இருக்கும்.